முப்பது ஆண்டுகளாக டூம்: சில பழைய ஷூட்டர் கேம்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ரசிகர்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த டூம் கேமுக்கு இன்றும் புதிய லெவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. செய்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை, ஆடுபவர்கள் காசு கொடுப்பதில்லை. அதே காலத்தில் கடைக்கு வந்த எத்தனையோ ஷூட்டர்களின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு மிக நெருக்கமான கேம் டூம் என்பதால் அதை நடுவில் வைத்தே பதில் சொல்கிறேன். குவேக், கவுண்டர் ஸ்ட்ரைக், அன்ரியல் டோர்னமென்ட் எல்லாம் தேவைப்படும் இடத்தில் வரும்.

ஒரே வரியில் சொல்ல முடியுமா? ஏன் சிலவற்றுக்கு மட்டும் இந்தக் கூட்டம்?

காசு கொடுத்து வாங்கியவர் அந்த கேமில் கைவைக்க முடிந்ததா, இல்லையா என்பதுதான் முக்கியமான காரணம். நீண்ட நாள் நின்ற ஷூட்டர்களைப் பாருங்கள். ஒன்று, புதிய லெவல் செய்ய வழி இருக்கும். இல்லையென்றால் சர்வரை நாமே நடத்த வழி இருக்கும். பலவற்றில் இரண்டும் உண்டு. ஆடிச் சலித்தவர் கேமை விட்டே போக வேண்டியதில்லை. அதற்குள்ளேயே வேறு வேலைக்கு மாறிக்கொள்ளலாம். ஒருவர் லெவல் செய்வார், ஒருவர் லெவல் செய்ய உதவும் எடிட்டர் மென்பொருள் எழுதுவார், ஒருவர் மற்றவர்கள் செய்ததை எல்லாம் தேடிச் சேர்த்துவைப்பார். கேம் நன்றாக இருக்க வேண்டும் என்பதும் உண்மைதான், அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் நன்றாக இருந்தும் ஆளில்லாமல் போன கேம்கள் நிறைய இருக்கின்றன.

இது சின்ன வயது ஞாபகம்தானே?

ஞாபகம் மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு: ஐஜிஐ. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டுடியோஸ் செய்து 2000 டிசம்பரில் வந்த அந்த கேமை, 2000களில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த தமிழ்நாட்டுப் பையன்கள் பலரும் ஆடியிருப்பார்கள். பைனாகுலரில் தூரத்துக் காவலர்களைப் பார்த்தது, அலாரம் அடித்ததும் எல்லா அறையிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தது, மிஷனுக்கு நடுவில் சேவ் செய்ய முடியாமல் கடைசி நிமிடத்தில் செத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. யாரிடம் பேச்செடுத்தாலும் முகம் மலரும்.

ஆனால் 14 மிஷன் முடிந்தால் முடிந்ததுதான். மல்ட்டிபிளேயர் கிடையாது. பின்னாளில் ஆர்வலர்கள் சிலர் கோப்புகளைப் பிரித்து மோட் (ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றம்) செய்தார்கள், ஆனால் அதற்கு கேம் தானாக வழிவிடவில்லை. அதனால் ஐஜிஐ மேல் பாசம் இருக்கிறது, டூமுக்கு இருப்பது போன்ற பட்டறை அதற்கு இல்லை.

டூமில் நிலைமை வேறு. இன்று அதற்கு லெவல் செய்பவர்களில் பலர் 1993இல் பிறந்திருக்கவே இல்லை. அவர்களுக்கு அந்த கேமோடு எந்தக் குழந்தைப் பருவ ஞாபகமும் கிடையாது. நேற்று யாரோ செய்த லெவலை ஆடிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள் அவர்கள்.

டூமில் அப்படி என்ன வழி வைத்திருந்தார்கள்?

அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த இட் சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் 1992இல் உல்ஃபென்ஸ்டைன் 3டி என்ற கேமை வெளியிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ரசிகர்கள் அதன் கோப்புகளைத் துருவி, மேப்பை, அதாவது லெவலை, மாற்றும் எடிட்டர் எழுதிவிட்டார்கள். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் மூலக் கோப்பின் மேலேயே எழுத வேண்டும். பழையது போய்விடும்.

அந்த நிறுவனத்தின் ஜான் கார்மாக்கும் ஜான் ரொமேரோவும் இதைப் பார்த்து எரிச்சலடையவில்லை, சந்தோஷப்பட்டார்கள். அடுத்த கேமான டூமில் கார்மாக் எஞ்சினை (கேமை ஓட்டும் புரோகிராமை) தனியாகவும், படம், ஒலி, லெவல் எல்லாவற்றையும் தனியாகவும் பிரித்து வைத்தார். இந்த இரண்டாவது பகுதிதான் வாட் கோப்பு. நீங்கள் ஒரே ஒரு லெவல் மட்டும் இருக்கும் சின்ன வாட் கோப்பு செய்து, அதைச் சேர்த்து கேமை ஓட்டினால், அந்த லெவல் மட்டும் உங்களுடையதாக வரும். மற்றதெல்லாம் மூலக் கோப்பிலிருந்து வரும். மூலக் கோப்பை யாரும் தொடுவதில்லை.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இதனால்தான் ஒருவர் தன் உழைப்பை மட்டும் தனியாக எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப முடிந்தது. கேமையே நகலெடுத்து அனுப்ப வேண்டியதில்லை, சட்டச் சிக்கலும் இல்லை. டூமின் முதல் 9 லெவல்கள் ஷேர்வேராக, அதாவது ஆடிப் பார்க்கக் கொடுக்கும் மாதிரியாக, இலவசம். ரசிகர்கள் செய்த வாட் கோப்புகளோ காசு கொடுத்து வாங்கிய முழுப் பதிப்பில்தான் ஓடும். ஆக, நல்ல ரசிகர் லெவல் ஒன்று வந்தால் கம்பெனிக்கும் விற்பனை.

தங்கள் சொந்த எடிட்டரை இட் சாஃப்ட்வேர் தரவில்லை. அது வேறு வகைக் கம்ப்யூட்டரில் ஓடியது. ரசிகர்களே கோப்பின் அமைப்பை ஆராய்ந்து எழுதி வைத்தார்கள். நியூசிலாந்தின் பிரெண்டன் வைபர் தொடங்கி, பெல்ஜியத்தின் ரஃபாயேல் கினே தொடர்ந்து வளர்த்த எடிட்டர் 1994 தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிட்டது.

லெவல் செய்ய புரோகிராமிங் தெரிய வேண்டுமா?

வேண்டாம். டூமின் பலமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எடிட்டரைத் திறந்தால் வெறும் கட்டம் போட்ட தாள். வீட்டுக்கு பிளான் போடுவது போல மேலிருந்து பார்த்துக் கோடு போட வேண்டும். கோடுகள் சேர்ந்து மூடிய இடத்துக்கு செக்டர் என்று பெயர். ஒவ்வொரு செக்டருக்கும் தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எவ்வளவு என்று எண் கொடுக்கிறீர்கள். தரை 0, கூரை 128 என்று கொடுத்தால் நிதானமான ஓர் அறை. பக்கத்து செக்டரின் தரையை 16 என்று வைத்தால் அது ஒரு படி. 24 வரை கால் ஏறும், 25 ஆனால் ஏறாது. ஆடுபவரின் உயரம் 56; கூரைக்கும் தரைக்கும் நடுவே அதற்குக் குறைவாக இடைவெளி விட்டால் உள்ளே நுழைய முடியாது. கதவு வேண்டுமா? ஒரு செக்டரின் கூரையைத் தரை வரை இறக்கிவிட்டு, அதன் கோட்டுக்கு 1 என்ற செயல் எண்ணைக் கொடுங்கள். கதவு தயார்.

அவ்வளவுதான் இலக்கணம். மாடிக்கு மேல் மாடி, அறைக்கு மேல் அறை அந்த எஞ்சினில் வராது. அது குறைதான், ஆனால் அந்தக் குறையால்தான் எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்க்க முடிகிறது. ஒரு மாலை உட்கார்ந்தால் புதியவர் கையிலும் நடந்து பார்க்கக்கூடிய ஒரு மேப் இருக்கும். 1996இல் வந்த குவேக் முழு முப்பரிமாணம். அதில் லெவல் செய்வது அழகான வேலை, ஆனால் கட்டியதை கம்பைல் செய்து, வெளிச்சம் கணக்கிட்டு, அப்புறம்தான் பார்க்க முடியும். இன்றைய கேம்களில் ஒரு அறையைக் கண்ணுக்கு லட்சணமாகச் செய்யவே மாடல் செய்பவர், டெக்ஸ்சர் செய்பவர் என்று பல பேர் வேண்டும். டூமில் தனி ஆள் போதும்.

முதல் மேப்பாகத் தன் சொந்த வீட்டையே வரைவது ஆரம்ப காலத்திலிருந்து பலருக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை அடித்தளமாக வைத்து 2023 மார்ச்சில் 'மைஹவுஸ்' என்று ஒரு மேப் வந்தது. இறந்துபோன நண்பரின் பழைய மேப்பை எடுத்துச் சரிசெய்து வெளியிடுகிறேன் என்ற குறிப்போடு வந்த சாதாரண வீடு. உள்ளே போனால் மாடி இருக்கிறது, கீழே அறைகள் இருக்கின்றன. டூமை நன்றாகத் தெரிந்தவருக்கு அங்கேயே வயிற்றைப் பிசையும், ஏனென்றால் அறைக்கு மேல் அறை வரக் கூடாது. புதிய எஞ்சின் தரும் வசதியை வைத்து, ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாதபடி இடங்களை இணைத்திருக்கிறார்கள். போகப் போக வீடு மாறிக்கொண்டே இருக்கும். அந்த எஞ்சினின் எல்லை எது என்று ரசிகர்களுக்குத் தெரிந்திருப்பதையே பயமுறுத்தும் கருவியாக்கிய மேப் அது. 30 ஆண்டுப் பழக்கம் உள்ள கூட்டத்துக்குத்தான் அப்படி ஒன்றைச் செய்து காட்ட முடியும்.

எடிட்டர் இருந்தால் போதுமா? கேம் நன்றாக இருக்க வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். எடிட்டரோடு வந்தும் யாரும் சீண்டாத கேம்கள் உண்டு. டூமின் அசுரர்களைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தெளிவான குணம். இம்ப் எறியும் நெருப்புருண்டை மெதுவாக வரும், ஒதுங்கிவிடலாம். பிங்கி கடிக்க மட்டும் செய்யும், அதனால் ஓடி வந்து வழியை மறிக்கும். துப்பாக்கி வீரனின் குண்டிலிருந்து ஒதுங்க முடியாது, அவனை முதலில் முடிக்க வேண்டும். ஒன்று எறிந்தது இன்னொரு வகை அசுரன் மேல் பட்டால் இரண்டும் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும்.

1994இல் வந்த டூம் 2 இதை இன்னும் கூர்மையாக்கியது. அதில் வரும் ஆர்ச்வைல் உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சில நொடியில் நெருப்பு வெடிக்கும். தூணுக்குப் பின்னால் மறைந்தால் தப்பலாம். ஆனால் நீங்கள் மறைந்திருக்கும் நேரத்தில் அது செத்த அசுரர்களை எழுப்பிவிடும். இப்போது ஒரு பெரிய அறையில் ஓர் ஆர்ச்வைல், இரண்டு தூண்கள், தரையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே கொன்ற இம்ப்கள் என்று வையுங்கள். தூணை நான்கடி தள்ளி வைத்தால் சண்டையே மாறிவிடும். மேப் செய்பவருக்கு இவை எழுத்துகள் மாதிரி. எண்ணிக்கை குறைவு, எழுதக்கூடியது அதிகம். அதனால்தான் அதே சுமார் 20 வகை எதிரிகளை வைத்து 30 ஆண்டுகளாகச் சலிக்காத சண்டைகள் எழுத முடிகிறது.

சோர்ஸ் கோடை வெளியிட்டது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம். 1997 டிசம்பர் 23 அன்று டூமின் சோர்ஸ் கோடை, அதாவது புரோகிராமர்கள் எழுதிய மூல நிரலை, கார்மாக் இணையத்தில் வைத்தார். ஒலிக்கான பகுதி வேறு ஒருவருக்குச் சொந்தம் என்பதால் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பதிப்பைத் தர முடியாமல் லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தார். முதலில் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது, 1999இல் அதையும் எடுத்து, யாரும் மாற்றிப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார்கள். குவேக்கின் கோடும் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது.

டாஸ் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. கோடு வெளியே வராமல் போயிருந்தால், புதிய விண்டோஸில் ஓடாத இன்னொரு பழைய கேமாக டூம் முடங்கியிருக்கும். வந்ததால் பூம், இசட்டூம், அதிலிருந்து ஜிஇசட்டூம், பழைய நடத்தையைப் பிசகாமல் காப்பாற்றும் சாக்லெட் டூம் என்று புதுப் புது எஞ்சின்களாகக் கிளை பிரிந்தது. ஒரு பக்கம் எஞ்சினைக் காலத்துக்கு ஏற்ப வளர்ப்பவர்கள், இன்னொரு பக்கம் 1993இல் இருந்த பிழைகளைக்கூட அப்படியே வைத்திருப்பவர்கள். இரண்டாமவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். பழைய ஆட்டப் பதிவுகள் ஓட வேண்டுமென்றால் அந்தப் பிழைகள் வேண்டும்.

ஆட்டப் பதிவா? அது என்ன?

டூமில் ஆட்டத்தைப் பதிவுசெய்தால் வீடியோ பதிவாகாது. எந்த விசை எப்போது அழுத்தப்பட்டது என்பது மட்டும் பதிவாகும். கேம் நொடிக்கு 35 தடவை கணக்கிடுகிறது, ஒவ்வொரு தடவைக்கும் 4 பைட். ஒரு நிமிட ஆட்டம் 8400 பைட்தான். அசுரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கப்படுவதால், அதே விசைகளை அழுத்தினால் அதே ஆட்டம் அச்சுப் பிசகாமல் வரும்.

மோடம் காலத்தில் இது எப்பேர்ப்பட்ட வசதி என்று யோசித்துப் பாருங்கள். யார் வேகமாக முடித்தார்கள் என்று உலகம் முழுக்க நிரூபிக்க முடிந்தது. 1990களின் நடுவிலேயே காம்பெட்-என் என்ற பெயரில் சாதனைப் பதிவுகளைத் தொகுக்கத் தொடங்கிவிட்டார்கள். குவேக்கிலும் இதே வழியில் 1997இல் ஒரு குழு மொத்த கேமையும் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 நொடியில் முடித்துக் காட்டியது. கேமை எவ்வளவு வேகமாக முடிக்கலாம் என்று போட்டி போடும் இன்றைய ஸ்பீட்ரன் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

ரசிகர்கள் செய்தது எல்லாம் தொலைந்து போகாமல் எப்படி இருக்கிறது?

ஆரம்பத்திலேயே ஒரு பொதுக் கிடங்கு வைத்தார்கள். ஐடிகேம்ஸ் என்று அழைக்கப்படும் அந்தக் கோப்புக் களஞ்சியம் 1994இலிருந்து இருக்கிறது. சர்வர் மாறியிருக்கிறது, நிர்வகிப்பவர்கள் மாறியிருக்கிறார்கள், கோப்புகள் இருக்கின்றன.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒவ்வொரு மேப்போடும் கூடவே வரும் சின்ன உரைக் கோப்பு. தலைப்பு, செய்தவர், வேறு யார் உதவினார்கள், செய்ய எவ்வளவு காலம் ஆனது, எந்த எடிட்டர், தெரிந்த பிழைகள் என்ன என்று வரிசையாக இருக்கும். கடைசியில் அனுமதி: இந்த லெவலை அடிப்படையாக வைத்து மற்றவர்கள் புதிது செய்யலாமா, கூடாதா. பதின்ம வயதுப் பிள்ளைகள் செய்த மேப்பிலும் இது இருக்கும். 'செய்ய எவ்வளவு காலம்' என்ற இடத்தில் தேர்வு விடுமுறையைச் சபித்து எழுதியவர்களும் உண்டு, காதலிக்கு நன்றி சொன்னவர்களும் உண்டு. யார் எதை யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வரலாறு இந்த உரைக் கோப்புகளால்தான் பிழைத்திருக்கிறது.

அடுத்தது விருது. 2004இலிருந்து ஆண்டுதோறும் டூம்வேர்ல்டு தளத்தில் அந்த ஆண்டின் சிறந்த மேப்களைத் தேர்ந்தெடுத்து காகோவார்ட்ஸ் அறிவிக்கிறார்கள். பரிசுப் பணம் எதுவும் இல்லை. நிதானமாக ஆடிப் பார்த்து எழுதிய நாலு பத்தி பாராட்டு, அவ்வளவுதான். ஆனால் உங்கள் வேலையைப் புரிந்தவர் ஒருவர் எழுதும் நாலு பத்திக்காக ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நான் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6க்கு நம் ஊரில் ஏன் அவ்வளவு மவுசு இருந்தது?

இங்கே லெவலைவிட சர்வர்தான் காரணம். கவுண்டர் ஸ்ட்ரைக்கே ரசிகர் மோடாகப் பிறந்ததுதான். ஹாஃப்-லைஃப் கேமுக்காக மின் லீயும் ஜெஸ் கிளிஃப்பும் 1999இல் வெளியிட்டது. வால்வ் நிறுவனம் அதை வாங்கி 2000இல் கடைக்குக் கொண்டுவந்தது, 2003இல் 1.6 வந்தது.

நம் பிரவுசிங் சென்டர்களுக்கும் கல்லூரி ஹாஸ்டல்களுக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. சுமாரான கம்ப்யூட்டரில் ஓடும். இணையமே வேண்டாம். ஒருவர் தன் கம்ப்யூட்டரில் கேமைத் தொடங்கினால் அதே லேனில் (ஒரே இடத்துக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலையில்) இருக்கும் மற்றவர்கள் பட்டியலில் பார்த்து உள்ளே வந்துவிடலாம். டஸ்ட் 2 மேப்பில் லாங் பக்கம் போவதா, பி பக்கம் ஓடுவதா என்று பக்கத்து சீட்டில் இருப்பவனிடம் கத்திச் சொல்லலாம். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் ஐஸ்வேர்ல்டு, பூல் டே போன்ற சின்ன மேப்கள். ஆள் குறைந்தால் கம்ப்யூட்டரே ஆடும் பாட் சேர்த்துக்கொள்ளலாம். மேப் வேண்டுமென்றால் பென் டிரைவில் வந்துவிடும். சர்வர் நடத்துபவர் விதிகளை மாற்றும் கருவிகளும் வந்தன. அதிலிருந்து ஜாம்பி, சர்ஃப், கன்கேம் என்று தனித்தனி ஆட்டங்களே கிளைத்தன. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அதை யாரும் நிறுத்தவும் முடியவில்லை.

கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டால்?

சர்வர் மென்பொருள் ரசிகர்கள் கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 2014இல் கேம்ஸ்பை சேவை மூடப்பட்டபோது, எந்த சர்வர் எங்கே ஓடுகிறது என்று காட்டும் பட்டியலை இழந்து ஏராளமான பழைய கேம்கள் தவித்தன. தனி சர்வர் நடத்த முடிந்த கேம்களுக்கு ரசிகர்களே மாற்றுப் பட்டியல் அமைத்துக்கொண்டார்கள்.

1999இல் வந்த அன்ரியல் டோர்னமென்டை எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் ஓல்டுஅன்ரியல் என்ற ரசிகர் குழு அதற்கு முன்பே புதிய பேட்ச்களை (பிழை திருத்தங்களை) வெளியிட்டு, சர்வர் பட்டியலையும் நடத்திக்கொண்டிருந்தது. பின்னர் எபிக்கின் சம்மதத்தோடு, இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கும் மூல கேமை இறக்கி நிறுவும் வசதியையும் செய்துகொடுத்தது. இன்று ஆட வேண்டுமென்றால் ஆடலாம்.

எதிர்ப்பக்கம்: 2017 ஆகஸ்டில் வந்த லாபிரேக்கர்ஸ் 2018 செப்டம்பரில் முடிந்தது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த கான்கார்ட் செப்டம்பர் 6இல் முடிந்தது, காசையும் திருப்பிக் கொடுத்தார்கள். இவற்றைப் பிடித்துப்போன கொஞ்சம் பேராவது இருந்திருப்பார்கள். ஆட்டம் முழுக்கக் கம்பெனியின் சர்வரிலேயே இருந்ததால் அந்தக் கொஞ்சம் பேருக்கு கூடி உட்கார இடமே இல்லாமல் போனது. எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. நூறு பேர் விரும்பினால் நூறு பேர் ஆடிக்கொண்டே இருக்கலாம் என்ற நிலை ஷூட்டர்களில் ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்தது.

நல்ல கேமாக இருந்தும் கூட்டம் சேராதவை?

2000இல் மோனோலித் செய்த நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர். நகைச்சுவையும் உளவும் கலந்த அருமையான ஷூட்டர். உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே பல பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் சிக்கிக் கிடக்கிறது. பழைய கேம்களை மீட்டெடுக்கும் நைட்டைவ் ஸ்டுடியோஸ் முயன்றும் முடியவில்லை. கடையில் வாங்க முடியாத கேமுக்குப் புதிய ரசிகர் எங்கிருந்து வருவார்?

1997இல் நின்டெண்டோ 64க்கு வந்த கோல்டன்ஐ 007 பாதிக்குப் பாதி. கன்சோல் கார்ட்ரிட்ஜ் என்பதால் மேப் செய்யும் கூட்டம் பெரிதாக வளரவில்லை. ஆனால் நொடிக் கணக்கில் போட்டி போடும் ஸ்பீட்ரன் ரசிகர்கள் விடாமல் இருந்தார்கள். 2023இல் மறுவெளியீடு வரும் வரை அவர்கள்தான் அதைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

இதனால் கம்பெனிக்கு என்ன லாபம்?

ஆட்கள் கிடைத்தார்கள். டூமுக்கு லெவல் செய்துகொண்டிருந்த டேரியோ, மிலோ கசாலி சகோதரர்கள், 1996இல் வந்த ஃபைனல் டூமின் ஒரு பாதியைச் செய்தார்கள். டேரியோ அப்புறம் வால்வில் சேர்ந்து ஹாஃப்-லைஃபில் வேலை பார்த்தார். குவேக்குக்கு டீம் ஃபோர்ட்ரஸ் மோட் செய்த ஆஸ்திரேலிய இளைஞர்களையும் வால்வ் எடுத்துக்கொண்டது. 2024 ஆகஸ்டில் டூமும் டூம் 2வும் சேர்ந்து மறுவெளியீடாக வந்தபோது, ரசிகர்கள் உருவாக்கிய மேப் தரநிலைகளையே அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக வந்த லெகசி ஆஃப் ரஸ்ட் பகுதியைச் செய்தவர்களில் ரசிகர் கூட்டத்திலிருந்து வந்தவர்களும் உண்டு.

எல்லாம் சுமுகமாகத்தான் போகிறதா?

இல்லை. 1990களிலேயே, ரசிகர்கள் இலவசமாகக் கொடுத்த லெவல்களை அள்ளி சிடியில் போட்டுச் சிலர் விற்றார்கள். செய்தவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. ஃபைனல் டூமின் இன்னொரு பாதியான ஈவில்யூஷன், இலவசமாக வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தபோது கடைசி நேரத்தில் இட் சாஃப்ட்வேர் வாங்கிவிட்டது. அதற்கும் கோபம் வந்தது. 2024 மறுவெளியீட்டில் கேமுக்குள்ளேயே மோட் இறக்கும் வசதி வந்தவுடன், அடுத்தவர் வேலையைக் கேட்காமல் தன் கணக்கில் ஏற்றினார்கள் என்று மறுபடி சண்டை.

இந்தச் சண்டைகளை நான் நோயாகப் பார்க்கவில்லை. செய்தவர் பெயர் இருக்க வேண்டும், கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று 30 ஆண்டுகளாக ஒரு கூட்டம் விடாமல் கேட்பதால்தான் புதியவர் தைரியமாகத் தன் மேப்பை வெளியே வைக்கிறார்.

கால்குலேட்டரில் எல்லாம் டூம் ஓட்டுகிறார்களே, ஏன்?

கோடு திறந்திருக்கிறது, சிறியது, வலுவில்லாத சிப்பிலும் ஓடும். டிராக்டரின் திரை வரைக்கும் போய்விட்டது. கர்ப்பப் பரிசோதனைக் கருவியில் ஓடியதாகப் பரவிய செய்தி மட்டும் பாதி உண்மை: அதன் கூட்டுக்குள் வேறு திரையும் வேறு சிப்பும் வைத்துத்தான் ஓட்டினார்கள், செய்தவரே அதைச் சொல்லியிருந்தார்.

மூல கேமைச் செய்தவர்கள் இந்தப் பக்கம் வருகிறார்களா?

ஜான் ரொமேரோ வருகிறார். 20 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டு 2016 ஜனவரியில் டூமுக்கு ஒரு புது லெவல் வெளியிட்டார். 2019இல் சிஜில் என்று முழுப் பகுதி, 2023 டிசம்பர் 10 அன்று, டூமின் 30ஆம் ஆண்டு நாளில், சிஜில் 2. அதே நாளில் ரசிகர்கள் செய்த எவிடர்னிட்டி 2வும் வெளிவந்தது. எது சிறந்தது என்று ரசிகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள். கேமை உருவாக்கியவரும் அதை ஆடி வளர்ந்தவர்களும் ஒரே கருவியில் ஒரே அளவுகோலில் நிற்பதை வேறு எந்த கேமில் பார்க்க முடியும்?

எனக்கு இப்போது தொடங்க ஆசை. எங்கிருந்து?

டூம் + டூம் 2 ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கிறது. காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால் ஃப்ரீடூம் இருக்கிறது: படம், ஒலி எல்லாவற்றையும் ரசிகர்களே புதிதாகச் செய்து இலவசமாகக் கொடுத்தது, ரசிகர் மேப்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். எஞ்சினுக்கு ஜிஇசட்டூம் அல்லது டிஎஸ்டிஏ-டூம்.

முதலில் மூல கேமை முடியுங்கள். அப்புறம் 2003இல் வந்த சைத். குட்டிக் குட்டி லெவல்கள், கடைசிப் பகுதியில் மட்டும் கை வலிக்கும். அது பிடித்தால் 2016இன் ஏன்ஷியன்ட் ஏலியன்ஸ். நிறம் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அதைத்தான் காட்டுவேன். மிகக் கடினமான மேப்களின் வீடியோவைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், பெரும்பாலானவற்றில் எளிய நிலை உண்டு, அதில் ஆடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதல் மேப் செய்துவிட்டேன். வெளியிடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

அல்டிமேட் டூம் பில்டர் என்ற எடிட்டரில் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எந்த எஞ்சினில் சோதித்தீர்கள் என்பதை உரைக் கோப்பில் எழுதுங்கள்; வேறு எஞ்சினில் கதவு திறக்காமல் போகலாம். யாருடைய டெக்ஸ்சரையாவது எடுத்திருந்தால் பெயர் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் மேப்பை மாற்றிச் செய்யலாமா என்ற வரியைக் காலியாக விட வேண்டாம். வெறும் கைத்துப்பாக்கியோடு தொடங்கி முடிக்க முடிகிறதா என்று ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

ஆடுகிறவர்களிடம் கருத்து மட்டும் கேட்காமல் ஆட்டப் பதிவைக் கேளுங்கள். சில கிலோபைட்தான், மகிழ்ச்சியாகத் தருவார்கள். அவர் எந்தக் கதவைக் காணாமல் நான்கு சுற்றுச் சுற்றினார், எந்த அறையில் தோட்டா தீர்ந்தது, நீங்கள் ஆசையாக ஒளித்துவைத்த ரகசிய அறையைக் கவனிக்காமலே எப்படித் தாண்டிப் போனார் என்பதெல்லாம் அதில் அப்படியே தெரியும். அதைப் பார்த்துத் திருத்தி இரண்டாம் பதிப்பை ஏற்றுங்கள்.